தப்புக்கார வீட்டுப் பிள்ளைகள்

ஊவா மாகாணத்துப் பழைய தோட்டங்களில் பொழுது விடிவதை அறிவித்தது தப்பு. கிழக்கு வெளுக்கும் முன்னரே பணிய லயத்திலிருந்து ஒருவர் எழுந்து, அடுப்பு நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி வெளியே வருவார். மேட்டு லயம் வரை கேட்குமாறு அவர் அடிக்கும் அந்த அடிக்குப் பெரட்டுத் தப்பு என்று பெயர். கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பெரட்டு என்பது படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து வடிவம். ஆட்களைக் கூட்டி, பேர் பதிந்து, இன்னார் இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் கவ்வாத்து வெட்ட என்று பிரித்து அனுப்பும் இடம் பெரட்டுக்களம். பிந்தி வந்தவர்களுக்கு அன்று அரைப்பேர்தான். அரை நாட் சம்பளம் என்று பொருள். ஆகவே அந்தத் தப்பொலி வயிற்றைத் தொட்ட ஒலி.

பிற்காலத்தில் மணியும் சங்கும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. இன்று கைத்தொலைபேசி எழுப்பிவிடுகிறது. ஆயினும் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பத்திரிகைத் தொழிலுக்காகக் கொழும்பில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு, தப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த விடியற்காலத்து அடிதான். சாவும் திருவிழாவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சி. வி. வேலுப்பிள்ளை ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற தமது ஆங்கில நெடுங்கவிதையை 1954இல் வெளியிட்டார். தோட்டத்து விடியலையும் பறையொலியையும் ஒன்றாகக் கேட்ட கவிஞர் அவர். சக்தீ பால ஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். சி. வி. தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1984இல் அவர் மறைந்த பின்னரே நூலாக வந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாட்டுக்கள் 1940இலேயே அச்சேறிவிட்டன. இவ்வாறு மலையகத்தின் சொல்லை எழுதிவைக்க ஆட்கள் இருந்தனர். அடியை எழுதிவைக்க எவரும் முயன்றதாக என் கண்ணில் படவில்லை. சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு வேறோர் அடி. இவை அனைத்தும் தந்தையின் மணிக்கட்டிலிருந்து மகனின் மணிக்கட்டுக்கு நேராகப் போயின. அந்த மணிக்கட்டுக்கள் எந்தச் சாதியாருடையவை என்பதுதான் இதில் உள்ள முள்.

தப்பு மிக எளிய கருவி. மரத்துண்டுகளை வளைத்துப் பொருத்திய வட்டச் சட்டம். அதன் ஒரு முகத்தில் மாட்டுத்தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தோளில் தொங்கவிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடிப்பதால் ஆடிக்கொண்டே அடிக்கலாம். தோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மலைநாட்டின் ஈரத்தில் ஒரு நாழிகையில் அதன் குரல் இறங்கிவிடும். ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலை மிலாறுதான் அடுப்புக்கும் விறகு, தப்புக்கும் விறகு. மிலாற்று நெருப்பு சடசடவென்று எரிந்து சட்டென்று தணியும். தோல் கருகாமல் நெருப்பை எவ்வளவு நேரம் காட்டுவது என்பது பழகிய கைக்கு மட்டுமே தெரியும். தமிழ்நாட்டுத் தப்பு இங்கு வந்து கற்றுக்கொண்ட முதற் பாடம் அதுவாக இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 1820களில் கோப்பிக்காக மக்கள் வரத் தொடங்கினார்கள். திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று பஞ்சமும் கடனும் விரட்டிய பக்கங்களிலிருந்து, தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறினார்கள். கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கள் மடுல்சீமைப் பக்கத்தில்தான். நல்லதற்கு இல்லாவிட்டாலும் இதற்காகவாவது உலகத் தாவரவியல் நூல்களில் ஊவாவுக்கு ஓர் இடம் உண்டு. பின்னர் தேயிலை வந்தது. 1924இல் பதுளை வரை புகையிரதமும் வந்தது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணிமார் பெரும்பாலும் அவர்களுக்கு மேற்பட்ட சாதியினர். கப்பலில் சாதி தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தோட்டங்களில் அது லயம் லயமாகப் பிரிந்து குடியமர்ந்தது. மேட்டு லயம், பணிய லயம் என்னும் பெயர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் சொன்னவை என்று நினைப்பவர்கள் அங்கே வாழாதவர்கள்.

இனிக் காமன் கூத்துக்கு வருகிறேன். மாசி மாதத்து வளர்பிறையில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாளை ஒட்டிக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஊன்றும் இடம் காமன் பொட்டல். பகல் முழுவதும் மலையில் வேலை செய்தவர்கள் இரவு அங்கே கூடுவார்கள். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிவருவார்கள். ரதி வேடம் ஆணுக்கே உரியது. தவத்திலிருக்கும் சிவனை எழுப்புமாறு மன்மதனுக்கு ஓலை வருகிறது. போக வேண்டாம் என்று ரதி மறிக்கிறாள். தீய கனாக் கண்டதாகச் சொல்லி அழுகிறாள். ஆணையைத் தட்ட முடியாது என்று அவன் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. கடைசி இரவில் காமன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், அவளுக்கு இரங்கி அவன் உயிர் மீட்கப்படுகிறது. தூதன், வீரபத்திரன், எமன், குறவன் குறத்தி என்று நடுவில் வருகின்ற வேடங்களுக்குக் கணக்கில்லை. பொட்டல் ஓரத்தில் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள். எமன் வருகிறபோது மட்டும் யாராவது உலுக்கி எழுப்புவார்கள்.

தஞ்சைப் பக்கத்திலும் காமன் பண்டிகை உண்டு. அங்கே காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது புகழ்பெற்ற வழக்கம். தோட்டத்தில் அந்த வாதத்தைவிட ரதியின் மறியலுக்கே மக்கள் அதிகம் கண்ணீர் விட்டார்கள். ஓலை வந்தால் போகத்தான் வேண்டும் என்பது அவர்களுக்குக் கதையாக மட்டும் இருக்கவில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கைப்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று கணக்குப் போடப்பட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளைப் புகையிரத நிலையத்தில் தலைமன்னாருக்குப் பெட்டி கட்டிப் போனவர்களை வழியனுப்பிய அழுகையைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசு அவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் எடுத்தார்கள். கூத்துப் பழக்கும் மாஸ்டர் ஒரு நாட்டிலும் தப்புக்காரர் மறு நாட்டிலுமாகப் பிரிந்துபோன தோட்டங்கள் உண்டு.

இவ்வளவையும் தாங்கி நின்ற காமன், அண்மையில் நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் ஆண்டு ஊன்றப்படவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே என் உறவினர்களும் இருக்கிறார்கள். தடைப்பட்ட காரணம் மழையும் அன்று, பணமும் அன்று. தப்புக்கார வீட்டுப் பிள்ளைகள் அடிக்க மறுத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன். இருபத்தைந்து வயதிருக்கும். விடுமுறையில் வந்திருந்தவனை நான் சந்தித்தேன். இஸ்தோப்பில் பாயைப் போட்டு உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் பேசினான்.

“நான் அடிச்சா நம்ம கலாசாரம்ங்கிறாங்க ஐயா. அடிக்க மாட்டேன்னு சொன்னா, உன் சாதித் தொழில் உனக்கு என்னடா கேவலம்ங்கிறாங்க. இதுல எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்க.”

அவனுடைய தகப்பனார் பக்கத்தில் இருந்தார். அவர் மகனை மறுக்கவில்லை. “எனக்கு அடிக்கப் பிடிக்கும் தம்பி,” என்று மட்டும் என்னிடம் சொன்னார். “சாவு வீட்டுல ராத்திரி முழுக்க அடிச்சுட்டு, விடிஞ்சதும் வேற கோப்பையில தேத்தண்ணி குடுத்தப்போதான் பிடிக்காமப் போச்சு.”

மேட்டு லயத்தில் கோயில் தலைவரையும் கேட்டேன். பிரச்சினையே இல்லை என்றார் அவர். இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள், எல்லாம் அரசியல், தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றார். அவ்வாறாயின் உங்கள் வீட்டுப் பையன்கள் இருவரும் தப்புப் பழகலாமே என்றேன். சிரித்தார். பிறகு சற்று நேரம் நாங்கள் கொழுந்து விலையைப் பற்றிப் பேசினோம்.

அந்த ஆண்டு மாற்று ஏற்பாடு ஒன்றைச் சிலர் முயன்றார்கள். வேறொரு தோட்டத்துக் காமனில் பதிவுசெய்த தப்பொலியை ஒலிபெருக்கியில் போட்டு ஆடிவிடலாம் என்று ஒரு யோசனை. ஒத்திகையிலேயே அது கவிழ்ந்தது. ரதியாக ஆடுபவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு நின்றுவிட்டார். கூத்தில் தப்புக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து அடிக்கிறார். ரதி ஓர் அடி பிந்தினால் தப்பும் பிந்தும். அழுகை நீண்டால் அடி காத்திருக்கும். கோபம் வந்தால் தப்பு முந்திக்கொண்டு அவளை உந்தும். பதிவு செய்த ஒலி யாருக்காகவும் காத்திருக்காது. “கண்ணில்லாதவனோட எப்படி ஆடுறது?” என்று அவர் சலங்கையைக் கழற்றினாராம். இத்தனை காலமும் பொட்டலின் ஓரத்தில் நிற்கவைக்கப்பட்டவர்தாம் கூத்தை நடத்திக்கொண்டிருந்தவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. கோயில் கமிட்டிக்கு வேண்டியிருந்தது போலும்.

இந்த இடத்தில் வாசகர்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும். பதுளையில் மலாய்க்காரர்கள் சிறு தொகையினராக வாழ்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் சாவகம், அம்பொன் முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் பொலிசிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களின் பழைய ஊராகிய அம்பொன்னிலிருந்து இன்னொரு கூட்டம் 1951இல் நெதர்லாந்துக்குக் கப்பலேறியது. ஒல்லாந்தரின் காலனிப் படையில் இருந்த வீரர்களும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 12,500 பேர். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று நம்பி வந்தார்கள். இறங்கியதும் படையிலிருந்து நீக்கப்பட்டு, போர்க்காலத்து முகாம்களில் குடிவைக்கப்பட்டார்கள். யூதர்களை நாசிகள் அடைத்துவைத்திருந்த வெஸ்டர்போர்க் முகாமும் அவற்றுள் ஒன்று. வரிசை வரிசையான மரக்கொட்டில்கள். படத்தில் பார்த்தபோது நம் லயங்களின் ஞாபகம் வந்தது.

அந்தக் கொட்டில்களில் அவர்கள் கிட்டாரும் உக்குலேலேயும் வைத்துக்கொண்டு தந்தி வாத்தியக் குழுக்கள் அமைத்துப் பாடினார்கள். அந்தக் கருவிகளின் மூதாதைகளைக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கேயர். இலங்கைக்கு பைலாவையும் கபரிஞ்ஞாவையும் விட்டுச்சென்றவர்களும் அவர்களே. ஆக அம்பொன்காரரின் கிட்டாரும் இரவல் கருவிதான். ஆனால் முகாமில் அதை எவர் எடுத்து வாசித்தாலும் எவரும் முகம் சுளித்ததாக நான் படித்ததில்லை. ஊரை இழந்தவர்களின் பொதுச் சொத்தாக அது இருந்தது. தந்தையிடமிருந்து மகன் அதைப் பெருமையோடு வாங்கிக்கொள்ள முடிந்தது. நாங்களும் ஊரை இழந்தவர்கள், நாங்களும் கொட்டில்களில் வாழ்ந்தவர்கள், எங்களுக்கும் ஒரு கருவி இருந்தது. அதை வாங்கிக்கொள்ள மகன் தயங்குகிறான் என்றால், அந்தத் தயக்கத்தை அவனுடைய குறையாகப் பேசுவது நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. திண்டுக்கல்லில் சந்திரா என்னும் அருட்சகோதரி தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். பெண் தொடக்கூடாது என்ற விதியையும் இழிவு என்ற முத்திரையையும் ஒரே அடியில் உடைத்த முயற்சி அது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி முகாம்களில் பறை பழகுகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பையன் இவற்றையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறான். பறையைக் கலையாகக் கொண்டாடுவோம், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்பதே அங்கும் பலருடைய நிலைப்பாடு. கோயில் தலைவர் சொன்ன ‘கெட்டுப்போவது’ இதுதான்.

மலையகத்திலும் இளைஞர் கலைக்குழுக்கள் தப்பை மேடையில் ஏற்றிவிட்டன. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் அடையாளம் என்ற சொல் நம் மேடைகளில் நிறையப் புழங்கியது. வரவேற்கிறேன். ஆனாலும் மேடைக்கு ஏறும் தப்பு வேறு, லயத்துக்கு லயம் போகும் தப்பு வேறு. மேடையில் பத்து நிமிடம். எல்லோரும் ஒரே சீருடை. எல்லோருக்கும் ஒரே கோப்பையில் தேநீர். லயத்தில் அடித்தவர் காலையில் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டியிருந்தது. முன்னதை வைத்துப் பின்னது தீர்ந்துவிட்டது என்று கணக்கு எழுதிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. ஊவாவிலேயே பிறந்து வளர்ந்த தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் தோட்டத்து வாழ்வை நிறைய எழுதிச் சென்றிருக்கிறார்கள். தப்புக்காரரின் காலைக் கோப்பையை எழுத இன்னும் ஒருவர் வரவேண்டும். அவர் பணிய லயத்திலிருந்தே வந்தால் மிகவும் நல்லது.

நமுனுகுலைப் பக்கத்து விவகாரம் மறு ஆண்டு ஒருவாறு பேசித் தீர்க்கப்பட்டது. பேச்சை நடத்தியவர்கள் பெண்கள். ஆண்கள் பொட்டலில் கூடிக் கத்திக்கொண்டிருந்த வேளையில், ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் இரண்டு லயத்துப் பெண்களும் தராசடியில் நின்று பேசிக்கொண்டார்களாம். முடிவு இதுதான்: காமனுக்கு அடிக்கலாம், ஆனால் அடிப்பவர்களுக்குச் சம்பளம் கையில் தரப்பட வேண்டும், பூசை விபூதி வேடக்காரர்களோடு சேர்த்து அவர்களுக்கும் தரப்பட வேண்டும், அந்த வீட்டுப் பையன் ஒருவன் வேடம் கட்ட விரும்பினால் மறுக்கக்கூடாது, சாவுக்கு அடிக்குமாறு எவரையும் அழைக்கக்கூடாது, விரும்பி வந்தால் அது வேறு. எல்லா லயத்துப் பிள்ளைகளுக்கும் தப்புப் பழக்க வேண்டும் என்ற ஐந்தாவது கோரிக்கை எழுந்தபோது மட்டும் மேட்டு லயத்தில் முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி. கோயில் தலைவரின் வீட்டிலிருந்து இன்னும் எவரும் வரவில்லை.

துணிக்கடைப் பையன் அந்த ஆண்டு லீவு போட்டுக்கொண்டு வந்து மன்மதன் வேடம் கட்டினான். தகப்பனார்தான் அடித்தார். பழக்குவதற்கு நகரத்திலிருந்து பிளாஸ்டிக் முகம் போட்ட தப்புகள் வாங்கி வந்திருந்தார்கள். ஈரம் அவற்றை ஒன்றும் செய்யாது, காய்ச்சத் தேவையில்லை, விலையும் குறைவு. பெரியவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பழகட்டும் என்று விட்டுவிட்டார். தம்முடைய தோல் தப்பை மட்டும் வழக்கம்போல் மிலாறு கொளுத்திக் காய்ச்சினார். அந்தச் சிறுமி பக்கத்தில் குந்தி அமர்ந்து, எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று கேட்டாள். அவர் வாயால் சொல்லவில்லை. தோலின் பின்பக்கத்தில் அவளுடைய உள்ளங்கையை எடுத்து வைத்து, சூடு ஏறும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.